கறுப்பு வெள்ளைச் சீருடை: கல்கத்தா மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எமது ஊர்ப் பிள்ளைகளிடம் பார்சிலோனாவைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். ரியல் மெட்ரிட் எத்தனை கிண்ணம் வென்றது, மெஸ்ஸி எந்த வருடம் எத்தனை கோல் அடித்தார் என்றெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எமக்குப் பக்கத்திலேயே, எங்களைப் போன்ற ஒரு சிறுபான்மைச் சமூகம் கட்டியெழுப்பிய ஓர் உதைபந்தாட்டக் கழகம் 130 வருடங்களைத் தாண்டி இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் கதை எம்மில் பலருக்குத் தெரியாது. வெற்றி, புகழ், அரசியல், பிரிவினை, கடன், வீழ்ச்சி, மீண்டெழுதல் எல்லாமே அந்தக் கதையில் இருக்கின்றன. ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகம் வைத்திருக்கும் நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

கல்கத்தாவின் மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகம். ஆரம்பம் 1891.

*வெள்ளையரின் மைதானத்தில்*

கல்கத்தா நகரின் நடுவே, வில்லியம் கோட்டையைச் சுற்றி, பெரிய புல்வெளியொன்று பரந்து கிடக்கிறது. அதன் பெயரே 'மைதான்'. பெருநாள் தொழுகை நடக்கும் ரெட் ரோட் அதனூடாகத்தான் செல்கிறது. நிலம் இராணுவத்துக்குரியது. அதனால் கழகங்களுக்கு அங்கே பெரிய கட்டடங்கள் கிடையாது. கூடாரம் என்று இன்றும் அழைக்கப்படும் சிறு அலுவலகமும், பக்கத்தில் ஒரு விளையாட்டிடமும்தான் ஒவ்வொரு கழகத்துக்கும் வீடு.

பிரித்தானியர் காலத்தில் அந்த மைதானத்தின் எஜமானர்கள் பட்டாளத்து அணிகளும் வெள்ளையர் கழகங்களும்தான். 1893இல் இந்திய உதைபந்தாட்டச் சங்கம் அமைந்தது. அதே வருடம் ஐ.எப்.ஏ. ஷீல்ட் போட்டி தொடங்கியது. 1898இல் கல்கத்தா லீக் ஆரம்பமானது. ஆனால் லீக்கில் இந்தியக் கழகங்களுக்கு இடமே இருக்கவில்லை. 1914இல்தான் இரண்டாம் பிரிவில் கதவு திறந்தது. அதற்குப் பின்னரும் முதற்பிரிவில் இத்தனை இந்திய அணிகள்தான் ஆடலாம் என்ற கட்டுப்பாடு பல வருடங்கள் இருந்தது. அதாவது ஆட்டத்தில் தோற்பதற்கு முன்னரே சட்டத்தில் தோற்கடிக்கப்பட்ட நிலை.

இந்த நிலையில்தான் 1911 ஜூலை 29ஆம் திகதி மோஹன் பகான் அணி, ஈஸ்ட் யோர்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்று ஷீல்டைக் கைப்பற்றியது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினார்கள். அது வங்காளி இந்துக்களின் கழகம். ஆனாலும் அன்று முஸ்லிம் கழகத்து அங்கத்தவர்களும் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்ததாக அந்தக் காலத்து முஸ்லிம் பத்திரிகையே எழுதியது. இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

*நாற்பது வருடக் காத்திருப்பு*

கழகம் தொடங்கியதும் வெற்றி வந்துவிடவில்லை. சில சிறிய கிண்ணங்களைத் தவிர, 1891 முதல் 1933 வரை லீக்கும் இல்லை, ஷீல்டும் இல்லை. லீக்கில் இடம் கிடைத்த பின்னரும் இரண்டாம் பிரிவிலேயே கிடந்தார்கள். அந்தக் காலத்தில் கல்கத்தா முஸ்லிம்களில் பெரும்பாலானோர் துறைமுகத் தொழிலாளர்கள், கப்பற்காரர்கள், தையற்காரர்கள், சிறு வியாபாரிகள். கையில் பணமில்லை. கல்வியிலும் உத்தியோகத்திலும் பின்தங்கிய சமூகம்.

1930களின் தொடக்கத்தில் கழகத்தின் நிருவாகம் மூன்று வேலைகளைச் செய்தது. நாம் ஆசிரியர்கள் என்பதால் இந்த மூன்றும்தான் எங்களுக்கு முழுக்கதையிலும் மிக முக்கியமான பகுதியாகத் தெரிகிறது.

முதலாவது, சப்பாத்து. கல்கத்தா லீக் மே மாதமளவில் தொடங்கி மழைக்காலம் முழுவதும் நடக்கும். வங்காளத்து மழை எப்படியென்று சொல்லத் தேவையில்லை. மைதானம் சேறாகிவிடும். காய்ந்த தரையில் வெறுங்காலுடன் மான்போல ஓடிய இந்திய வீரர்கள், சேற்றில் சறுக்கி விழுந்தார்கள். பிடிப்பான சப்பாத்து அணிந்த பட்டாளத்தார் அந்த நேரத்தில்தான் புள்ளிகளை அள்ளினார்கள். பல வருடங்களாக எல்லோரும் இதைப் பார்த்தார்கள். மழையைக் குறை சொன்னார்கள். மொஹமடன் நிருவாகம் பாரமில்லாத சப்பாத்துகளை வாங்கிக் கொடுத்து, ஈரமான நாளில் அவற்றை அணிந்து ஆட வீரர்களைப் பழக்கியது. காய்ந்த நாளில் வெறுங்கால், ஈர நாளில் சப்பாத்து. பிரச்சினையைச் சரியாக இனங்கண்டு அதற்கு மருந்து செய்தார்கள்.

இரண்டாவது, உடற்பயிற்சி. திறமை உள்ளவன் பயிற்சிக்கு வராவிட்டாலும் பரவாயில்லை என்ற பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, ஒழுங்கான பயிற்சியைக் கொண்டுவந்தார்கள்.

மூன்றாவது, ஆட்சேர்ப்பு. கல்கத்தாவுக்குள் மட்டும் தேடாமல், பெங்களூர் உட்பட இந்தியாவின் பல திசைகளிலிருந்தும் திறமையான முஸ்லிம் வீரர்களை அழைத்து வந்தார்கள். ஜும்மா கான், ஹாபிஸ் ரஷீத், ரஹீம், ரஹ்மத், மாசூம், அப்பாஸ் மிர்ஸா, கோல் காப்பாளர் உஸ்மான் ஜான் என்று ஒரு பெரும் அணி உருவானது. ஊர் வேறு, மொழி வேறு, உணவு வேறு. சீருடை ஒன்று.

*1934 முதல் 1938 வரை*

1931, 1932, 1933 ஆகிய மூன்று வருடங்களும் லீக்கை வென்றது டர்ஹம் லைட் இன்பன்ட்ரி என்ற பட்டாளத்து அணி. 1934இல் மொஹமடன் ஸ்போர்ட்டிங் முதற்தடவையாக முதற்பிரிவுக்கு வந்தது. வந்த முதல் வருடமே லீக் சாம்பியனானது!

கல்கத்தா லீக் தொடங்கி 36 வருடங்களில் எந்தவோர் இந்தியக் கழகமும் அதை வென்றிருக்கவில்லை. ஷீல்டை வென்ற மோஹன் பகானால்கூட அதுவரை லீக்கை வெல்ல முடியவில்லை. ஷீல்ட் என்பது சில போட்டிகளில் முடிந்துவிடும். லீக் அப்படியல்ல. மாதக்கணக்கில், வெயிலிலும் மழையிலும், ஒவ்வொரு வாரமும் தாக்குப்பிடிக்க வேண்டும். ஒருநாள் அதிர்ஷ்டம் லீக்கை வென்று தராது.

1935இலும் அவர்கள்தான். 1936, 1937, 1938இலும் அவர்கள்தான். தொடர்ந்து ஐந்து வருடங்கள். 1936இல் லீக்கோடு ஷீல்டையும் சேர்த்து வென்றார்கள். 1911க்குப் பிறகு ஷீல்டை வென்ற இரண்டாவது இந்தியக் கழகம் அதுதான்.

இந்த வெற்றிகள் வங்காள முஸ்லிம்களுக்கு என்னவாக இருந்தன என்பதை இன்று முழுதாக உணர்வது கஷ்டம். போட்டி நாட்களில் கிராமங்களிலிருந்து மக்கள் ரயிலேறி வந்தார்கள். மைதானத்துக்குள் இடம் கிடைக்காதவர்கள் வெளியே நின்று சத்தத்தைக் கேட்டே ஆட்டத்தை ஊகித்தார்கள். கவிஞர் காஸி நஸ்ருல் இஸ்லாம் இந்த அணியை வாழ்த்திக் கவிதை எழுதினார். வங்காளத்தின் சிறு ஊர்களிலெல்லாம் அதே பெயரில் கழகங்கள் முளைத்தன. டாக்காவின் மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகம் 1936இல் தொடங்கியதும் இந்த அலையில்தான்.

தோட்டத்திலும் துறைமுகத்திலும் தலைகுனிந்து வேலை செய்த ஒரு சமூகம், வாரத்தில் ஒருநாள் எஜமானரின் பட்டாளத்தைத் தனது பிள்ளைகள் தோற்கடிப்பதைக் கண்டது. அதற்கு விலை சொல்ல முடியாது.

*ஸலீம் என்றொரு வெறுங்கால் வீரர்*

இந்த அணியில் வலது பக்கம் விளையாடிய மொஹம்மத் ஸலீமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர் மெட்டியாபுரூஸ். ஆட்சி பறிக்கப்பட்ட அவத் நவாப் வாஜித் அலி ஷா வந்து குடியேறிய, பின்னாளில் தையற்காரர்களின் ஊராகப் பெயர் பெற்ற இடம்.

1936இல் ஸலீம் கப்பலேறிப் பிரித்தானியா போனார். ஸ்கொட்லாந்தில் இருந்த உறவினர் ஒருவர் அவரை கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்துக்குக் கூட்டிச் சென்று, இவரை ஒருதடவை ஆடவிட்டுப் பாருங்கள் என்று கேட்டார். ஒரே ஒரு சிக்கல்: இவர் சப்பாத்து அணிய மாட்டார். ஈர நாளில் சப்பாத்து அணியும் அணியிலிருந்து வந்தவர்தான், ஆனாலும் ஸலீமுக்கு வெறுங்கால்தான் வசதி. முகாமையாளர் வில்லி மேலி ஆடவிட்டுப் பார்த்தார். பார்த்தவர் வியந்துபோனார்.

செல்டிக்கின் இரண்டாம் நிலை அணிக்காக கல்ஸ்டன், ஹெமில்டன் ஆகிய அணிகளுக்கு எதிராக ஸலீம் விளையாடினார். காலில் பஞ்சுத்துணிக் கட்டு மட்டும். செல்டிக்கின் பழைய நட்சத்திரம் ஜிம்மி மெக்மெனமி குனிந்து ஸலீமின் காலுக்குத் துணி சுற்றிவிடும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. 1936இல், பிரித்தானிய சாம்ராஜ்யம் உச்சத்தில் இருந்த காலத்தில், ஒரு வெள்ளையர் ஓர் இந்திய முஸ்லிமின் காலடியில் அமர்ந்து கட்டுப்போடுகிறார்! மறுநாள் பத்திரிகை இவரை ஒரு வித்தைக்காரராகவே வர்ணித்தது. ஐரோப்பியக் கழகம் ஒன்றுக்கு விளையாடிய முதல் இந்திய உபகண்டத்தவர் என்று ஸலீம் பேசப்படுகிறார்.

செல்டிக் வைத்துக்கொள்ள விரும்பியும் ஸலீமுக்கு ஊர் நினைவு தாங்கவில்லை. திரும்பி வந்து மீண்டும் கறுப்பு வெள்ளைச் சீருடை அணிந்தார். பல வருடங்கள் கழித்து, வாப்பா சுகமில்லாமல் இருக்கிறார் என்று மகன் செல்டிக்குக் கடிதம் எழுத, அவர்கள் 100 பவுணுக்கு ஒரு காசோலை அனுப்பினார்களாம். காசுக்காக எழுதவில்லை, அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறியவே எழுதினேன் என்று சொல்லி, அதை மாற்றாமலே வைத்திருந்ததாக மகன் பின்னர் சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். செல்டிக் யாருடைய கழகம்? 1887இல் வோல்பிரிட் என்ற கத்தோலிக்கத் துறவி, கிளாஸ்கோவின் ஏழை அயர்லாந்துக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடக் காசு சேர்ப்பதற்காகத் தொடங்கியது. புரட்டஸ்தாந்து நாட்டில் ஒரு கத்தோலிக்கச் சிறுபான்மையின் கழகம். ஆனால் கதவை மூடவில்லை. 1967இல் அந்தக் கழகத்துக்கு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று கொடுத்த முகாமையாளர் ஜொக் ஸ்டெயின் ஒரு புரட்டஸ்தாந்துக்காரர். ஸலீமுக்கும் அதே கதவுதான் திறந்தது.

*கிண்ணமும் கொடியும்*

இனி கொஞ்சம் கசப்பான பகுதி.

1930களின் வங்காளத்தில் அரசியல் சூடாகிக்கொண்டிருந்தது. குவாஜா நாஸிமுத்தீன் போன்ற முஸ்லிம் லீக் தலைவர்கள் கழகத்தோடு நெருக்கமாக இருந்தார்கள். 1934இல் மொஹமடன் வென்றபோது, வெள்ளையரை வென்ற இந்திய அணி என்று இந்துக்களிலும் பலர் மகிழ்ந்தார்கள். 1911இல் முஸ்லிம்கள் மகிழ்ந்ததைப் போலவே. ஆனால் வருடம் போகப் போக அந்த மகிழ்ச்சி வற்றியது. ஒவ்வொரு போட்டியும் இரண்டு சமூகங்களின் பலப்பரீட்சையாகப் பார்க்கப்பட்டது. மத்தியஸ்தரின் ஊதலுக்குள்ளும் மக்கள் மதத்தைத் தேடினார்கள்.

அணியில் அப்போது முஸ்லிம்கள் மட்டுமே விளையாடினார்கள். அதில் மட்டும் குற்றம் காண்பது நியாயமில்லை. அந்தக் காலத்து விளையாட்டே அப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தது. பம்பாயில் இந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள், ஐரோப்பியர் என்று சமூக வாரியாக கிரிக்கெட் சுற்றுப்போட்டியே நடந்தது. எமது கொழும்பைப் பாருங்கள். 1899இல் சிங்களவர் விளையாட்டுக் கழகம், அதே வருடம் தமிழ் யூனியன், 1908இல் மூர்ஸ் கழகம். பெயர்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இன்று அந்த மூன்று கழகங்களிலும் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள்.

மொஹமடன் கழகமும் எப்போதும் தனித்து நின்றது என்று சொல்ல முடியாது. 1939இல் சங்கத்தின் முடிவுகளில் அநீதி இருப்பதாகச் சொல்லி அது லீக்கிலிருந்து விலகியபோது, ஈஸ்ட் பெங்கால் போன்ற இந்துக் கழகங்களும் அதே பக்கம் நின்றன. அந்த வருடம் மோஹன் பகான் முதல் தடவையாக லீக்கை வென்றது.

1940இல் மொஹமடன் திரும்பி வந்து லீக்கை வென்றது. பம்பாயில் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. டிசம்பரில் டில்லி போனது. 1888இல் தொடங்கிய டியூரண்ட் கிண்ணம் அதுவரை எந்தவோர் இந்தியக் கழகத்துக்கும் கிடைத்ததில்லை. 1940 டிசம்பர் 12ஆம் திகதி இறுதிப் போட்டி. எதிரே ரோயல் வொரிக்ஷயர் ரெஜிமென்ட். ஹாபிஸ் ரஷீதும் ஸாபுவும் கோல் அடிக்க, 2-1 என்று மொஹமடன் வென்றது. அந்தக் கிண்ணத்தின் இறுதிப் போட்டியில் ஓர் இந்தியர் மத்தியஸ்தராக நின்றதும் அன்றுதான் முதல் தடவை. அவர் கப்டன் ஹர்னாம் சிங், ஒரு சீக்கியர்.

கழகத்தின் மிகப் பெரிய வருடம் அது. நாடு உடைய ஏழு வருடங்களே இருந்தன.

*பிரிவினை*

1946 ஆகஸ்ட் 16. அரசியல் கூட்டத்துக்காக அதே மைதானத்தில் மக்கள் திரண்டார்கள். அன்று தொடங்கிய கலவரத்தில் கல்கத்தாவில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும். அடுத்த வருடம் நாடு பிரிந்தது.

மொஹமடன் கழகத்துக்கு வீரர் அனுப்பிய ஊர்களில் சில இப்போது வேறு நாட்டில் இருந்தன. காசு கொடுத்த செல்வந்தர்கள் பலர் டாக்காவுக்கும் கராச்சிக்கும் போய்விட்டார்கள். வீரர்களிலும் பலர் எல்லையைக் கடந்தார்கள். நாஸிமுத்தீன் பின்னர் பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரலாகவும் பிரதமராகவும் ஆனார். கழகத்தைத் தமது மேடையாக்கியவர்கள் போனார்கள். கல்கத்தாவை விட்டுப் போக முடியாத துறைமுகத் தொழிலாளியும் தையற்காரனும் இருந்தார்கள். அவர்களிடம் மீதமிருந்தது மைதானத்து ஓரத்தில் ஒரு கூடாரம்.

இதை வாசிக்கும்போது எமக்கு மனம் கனக்கிறது. கழகம் ஜெயித்த காலத்தில் அதன் கொடியைப் பிடித்து முன்னால் நடந்தவர்கள் யார், அது நலிந்தபோது வாசலைக் கூட்டிப் பெருக்கியவர்கள் யார் என்பது எல்லா ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கூடாரம் மூடப்படவில்லை. 1948இல், இரத்தம் காய்ந்தும் காயாத கல்கத்தாவில், மொஹமடன் மீண்டும் லீக் சாம்பியனானது.

*திறந்த வாசல்*

1956இல் ரோவர்ஸ் கிண்ணம். 1957இல் லீக்கும் ஷீல்டும் ஒன்றாக. 1960இல் டாக்காவில் நடந்த ஆகா கான் தங்கக் கிண்ணத்தை வென்றார்கள். வெளிநாட்டு மண்ணில் ஒரு சுற்றுப்போட்டியை வென்ற முதல் இந்தியக் கழகம் என்ற பெருமை அதனோடு வந்தது. 1967இல் மீண்டும் லீக்.

காலப்போக்கில் கழகத்தின் வாசலும் அகலமானது. 1980இல் ஸுரஜித் ஸென்குப்தா போன்ற அன்றைய முன்னணி வங்காளி வீரர்கள் இந்தச் சீருடையை அணிந்தார்கள். ஈரானின் மஜீத் பிஷ்கர், ஜம்ஷித் நஸீரி, நைஜீரியாவின் சீமா ஒகோரி என்று வெளிநாட்டாரும் வந்தார்கள். 1981இல் லீக் கிடைத்தது. 1983, 1984 இரண்டு வருடங்களும் இந்தியாவின் பெடரேஷன் கிண்ணம் இவர்களுக்கே. பெயர் அதே பெயர், பிறைச் சின்னம் அதே சின்னம். கூட்டத்தின் பெரும்பகுதியும் அதே மக்கள். விளையாடியவர்கள் மட்டும் எல்லாரும்.

பிறகு ஒரு நீண்ட இருள். 1990களில் தேசிய லீக் வந்தது. பெரிய கம்பனிகளின் அனுசரணை மோஹன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் போனது. மொஹமடன் மேலே ஏறுவதும் கீழே விழுவதுமாகத் தடுமாறியது. உள்ளுக்குள் பதவிச் சண்டைகள். 2013இல் டியூரண்ட் கிண்ணமும் 2014இன் தொடக்கத்தில் ஷீல்டும் கிடைத்தன. ஆனால் அதே 2014இன் பிற்பகுதியில், பணமில்லை, மூத்த அணியைக் கலைக்கப்போகிறோம் என்று நிருவாகமே அறிவிக்கும் நிலை வந்தது. டர்ஹம் பட்டாளத்தின் சாதனையை முறியடித்த கழகம், சம்பளம் கொடுக்க வழியில்லாமல் கதவை மூடப் பார்த்தது.

ரசிகர்கள் விடவில்லை. கழகம் மெல்ல மெல்ல எழுந்தது. 2021 நவம்பரில் கல்கத்தா லீக் இறுதிப் போட்டியில் ரெயில்வே அணிக்கு எதிராக, ட்ரினிடாட் நாட்டு மார்கஸ் ஜோசப் அடித்த ஒரே கோலால் சாம்பியனானது. 1981க்குப் பிறகு, 40 வருடங்கள் கழித்து. வாலிபத்தில் கடைசி வெற்றியைப் பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளோடு வந்து அதைக் கொண்டாடினார்கள். 2022இலும் 2023இலும் அதே லீக் மீண்டும் கிடைத்தது.

2024 ஏப்ரல் 6ஆம் திகதி, நோன்பு மாதத்தின் கடைசி நாட்களில், ஷில்லோங் நகரில் லஜோங் அணியை 2-1 என்று வென்று, முதற்தடவையாக ஐ-லீக் சாம்பியனானது மொஹமடன். அந்த அணியைப் பாருங்கள்: பயிற்றுவிப்பாளர் அன்ட்ரே செர்னிஷோவ் ரஷ்யர். வீரர்களில் வங்காள முஸ்லிம்கள், மிஸோரம் மலைநாட்டு இளைஞர்கள், ஆர்ஜென்டீனா, ஹொண்டுராஸ், உஸ்பெகிஸ்தான் நாட்டவர்கள். இந்த வெற்றி கழகத்தை இந்தியன் சுப்பர் லீக்குக்குக் கொண்டுபோனது. மோஹன் பகான், ஈஸ்ட் பெங்கால், மொஹமடன் மூன்றும் நாட்டின் முதல்தர லீக்கில் மீண்டும் ஒன்றாக நின்றன.

கதையை இந்த இடத்திலேயே நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் வரலாற்றை அழகுக்காக வெட்டக்கூடாது. 2024-25 பருவத்தில் மொஹமடன் 13 அணிகளில் கடைசி இடத்தில் முடித்தது. சம்பளப் பாக்கிக்காக வீரர்கள் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். பயிற்றுவிப்பாளர் இடையிலேயே விலகிப் போனார். மேலே ஏறியதும் பழைய நோய் திரும்பி வந்தது.

*எமக்கு என்ன?*

இந்தக் கதையை மூன்று விதமாகச் சொல்லலாம். ஒரு சமூகத்தின் வீரக்கதையாகச் சொல்லலாம். மதத்தை விளையாட்டில் கலந்ததால் வந்த துன்பக் கதையாகவும் சொல்லலாம். நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவது மூன்றாவது விதம்.

1891இலும் அந்தக் கழகத்துக்கு அதே பெயர்தான். 1933வரை அந்தப் பெயரால் மட்டும் லீக் கிடைக்கவில்லை. சப்பாத்து வாங்கியபோது, பயிற்சியை ஒழுங்காக்கியபோது, தூரத்து ஊர்ப் பிள்ளைகளைத் தேடிப் போனபோது கிடைத்தது. 2014இலும் 2025இலும் பெயருக்கோ ரசிகர்களின் பாசத்துக்கோ குறைவில்லை. சம்பளத்துக்குக் காசும் ஒழுங்கான நிருவாகமும் இல்லாததால் அணி தள்ளாடியது. சமூகத்தின் பாசம் ஒரு கழகத்தைச் சாகவிடாமல் காக்கும். வெற்றியை நிருவாகமும் பயிற்சியும்தான் கொடுக்கும்.

எமது ஊர்களிலும் கழகங்கள் இருக்கின்றன. நோன்புப் பெருநாள் முடிந்தால் மின்னொளிச் சுற்றுப்போட்டி வைக்கிறோம். ஜேர்சி அடிக்கிறோம், பதாகை கட்டுகிறோம். தேர்தல் வந்தால் யாரோ ஒருவர் பந்தும் வலையும் வாங்கித் தருகிறார், அவரோடு நின்று படம் எடுக்கிறோம். ஆனால் வருடக் கணக்கறிக்கை வைத்திருக்கும் கழகங்கள் எத்தனை? பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது ஒழுங்கான பயிற்சி கொடுப்பவை எத்தனை? பக்கத்துத் தமிழ் ஊரிலோ சிங்கள ஊரிலோ இருக்கும் திறமையான பிள்ளையை, வா மகன், எங்கள் அணியில் ஆடு என்று அழைத்தவை எத்தனை? அழைத்த கழகங்களும் இருக்கின்றன, அவற்றை நாம் அறிவோம். அந்தப் போட்டிகளில்தான் இரண்டு ஊர் மக்களும் ஒரே கயிற்றின் பின்னால் நின்று ஒரே கோலுக்குக் கத்தினார்கள்.

கழகம் என்பது ஓர் அமானிதம். முன்னவர்கள் சேர்த்துத் தந்ததைப் பின்னவர்களிடம் குறையாமல் கொடுக்க வேண்டும். நிருவாகிகளாக இருக்கும் தம்பிமாரே, முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். கழகம் தொடங்கிய வருடம், முதல் அணியில் ஆடியவர்கள், வென்ற கிண்ணங்கள், தோற்ற இறுதிப் போட்டிகள், காசு தந்தவர்கள் எல்லாவற்றையும், முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பின்பக்கத்தில் வரவு செலவை எழுதுங்கள். அந்தக் கொப்பியை யார் கேட்டாலும் காட்டுங்கள். இந்த வாரமே அந்த வேலையைத் தொடங்கலாம்.